மோட்டார் இல்லாத ஒயர்

கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
ஆளுக்கொரு மானிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
கோரமங்களா, மூன்றாவது மாடி, லிஃப்ட்டுக்கும் அன்றைக்கு வேலையில்லை.
நாற்பத்தோராயிரம் ரூபாயை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
படிப்படியாக இறங்கினேன்.

கேபிள்களை மட்டும்
அக்கவுன்ட்ஸ் கெங்காதரன்
முந்தின ராத்திரியே கோணிப்பையில் அள்ளிப் போயிருந்தார்.
கணக்குத் தெரிந்தவர்.

வீட்டில் திருப்பிப் பார்த்தால்
முதுகில் மூன்று வாய்.
ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்ட செவ்வகம் ஒன்று.
நீலத்தில் பதினைந்து துளையோடு ஒன்று.
வெள்ளையாய், சீப்பு ஒன்றை விழுங்கிவிட்டது போல இன்னொன்று.
என் லேப்டாப்புக்கு ஒரே வாய்.
ஹெச்.டி.எம்.ஐ.
மூன்றில் எதுவும் அது இல்லை.

எஸ்.பி. ரோட்டில் மழை.
இந்த முனை இப்படி, அந்த முனை அப்படி என்று
விரலால் காற்றில் வரைந்து காட்டி வாங்கினேன்,
டிஸ்ப்ளே போர்ட் ஒருபக்கம், மற்றது மறுபக்கம்,
முந்நூற்றைம்பது.
அளவெடுத்துத் தைத்த மாதிரி
இரண்டு பக்கமும் க்ளிக் என்று உட்கார்ந்தது.

நோ சிக்னல்.
அந்த இரண்டு சொல்
திரையில் மூலைக்கு மூலை மிதந்தது,
பிறகு தூங்கிப்போனது.
பிடுங்கி ஊதிச் செருகினேன்.
ஆஃப் செய்து ஆன் செய்தேன்.
எட்டாவது முறை
ஒயரைத் தலைகீழாய் மாட்டலாமா என்று பார்த்தேன்,
மாட்ட முடியாது என்று தெரிந்தே.

மறுநாள் கடைக்காரப் பையன் மகிபால் சொன்னான்,
பாலியிலிருந்து வந்து
சிக்பேட்டையில் கற்ற தமிழில்:
"மேடம், இது அங்கேருந்து இங்கே வரும்.
இங்கேருந்து அங்கே போகாது."
"ஒயர்தானே?"
"உங்க வீட்டு சம்ப்பும் டேங்கும் ஒரே குழாய்தானே?
மேலேருந்து கீழே சும்மா வரும்.
கீழேருந்து மேலே போக மோட்டார் வேணும்ல?"

மோட்டார் வைத்த ஒயரும் இருந்தது.
யு.எஸ்.பி. வாலோடு,
ஆயிரத்து நானூறு.
அது ஒரு சிலிண்டரும், பத்து நாள் பாலும்,
ஹெச்.ஆர். அக்காவைப் பார்க்கப் போய்வரும் ஆட்டோவும்.
நின்றேன்.
என் பின்னால் ஒருவர்
கீபோர்டால் என் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

செல்போனில் எடுத்திருந்த படத்தை அவனிடம் நீட்டினேன்.
இரண்டு விரலால் அகட்டி
வெள்ளை வாயைப் பெரிதாக்கினான்.
"இது டி.வி.ஐ. ஆச்சே, ஏன் முதல்லயே காட்டல?"
"பழசு இல்லையா அது?"
"பழசுதான். உங்க லேப்டாப் பேசறது
இதுக்குப் புரியும். மோட்டாரே வேணாம்."

ஸ்டூல் போட்டு ஏறி
மேல் தட்டில் கைவிட்டுத் துழாவினான்.
தூசியும் ஒரு செத்த பல்லியும்
அதற்குப் பிறகு கேபிளும் வந்தன.
நூற்றெண்பது.
பணம் திரும்பாது, எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான் என்று
சுவரில் எழுதியிருந்ததால்
மீதிக்கு ஒரு மவுஸ் பேட்,
யாரோ ஒரு பனிமலை போட்டது.
"சத்தம் வராது, படம் மட்டும். பரவால்லையா?"
மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது.
சத்தம் போடுகிற நிலையில் நானும் இல்லை.

பில்லில் பெயர் கேட்டான்.
மங்கையர்க்கரசி என்றேன்.
மங்கா என்று எழுதினான்.

இந்த முனைக்கு க்ளிக் கிடையாது.
இரண்டு பக்கமும் இரண்டு திருகு.
நகத்தால் பிடித்துத் திருகத் திருக
மெதுவாய் இறுகியது.
பூனை தாவினாலும் கழலாது.
இப்படி எதையும் அந்த ஆபீஸில்
யாரும் எனக்கு மாட்டித் தரவில்லை.

வெளிச்சம் வந்தது.
என் பயோடேட்டாவின் இரண்டு பக்கமும்
அருகருகே, முதல் தடவையாக.
எழுத்துப்பிழை ஒன்று பளிச்சென்று.
மங்கலாகத் தெரிகிறதே என்று மெனுவுக்குள் போனால்
பிரகாசம்: பதினெட்டு.
எனக்கு முன்னால் இதன் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ,
கண் வலியோடு,
நள்ளிரவுக்கு மேல் ஏதோ ஒரு நாள்
குறைத்து வைத்த அளவு.

எண்பதுக்கு ஏற்றினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
பதினெட்டுக்கே இறக்கிவிட்டு
பிழையைத் திருத்தினேன்.